பிரமிடை எத்தனை சுத்து சுத்தினேன்

எனக்கு எண்ணத் தெரியாது. பட்டுச் சேலை நெய்கிறவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தறியில் இழை எண்ணுவேன். (அது கை எண்ணுது, நான் இல்ல.) கோயிலில் சுத்து எண்ண மட்டும் வராது. அது என் சம்சாரம் மல்லிகாவின் வேலை. நான் முன்னால் நடப்பேன். மூணு முடிந்ததும் பின்னாலிருந்து "ஆச்சு, வா" என்பாள். வந்துவிடுவேன். முப்பது வருஷம் காஞ்சிபுரத்துக் கோயில்களை அப்படித்தான் சுத்தினோம்.

அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து, குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் மகள் ரேவதி போன் செய்தாள்.

"எத்தினி நாளுக்குப்பா செவுத்தையே பாத்துக்கினு இருப்ப? எகிப்துக்கு டூர் போறாங்க. போய்ட்டு வா."

"அங்க என்னாமா இருக்குது?"

"பிரமிடு."

"அதுவும் செவுருதானே."

"டிக்கெட் போட்டாச்சு. பேசாத."

பேசவில்லை. போனேன்.

மொத்தம் இருபத்தஞ்சு பேர். பன்னிரண்டு ஜோடி, அப்புறம் நான். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் மற்றவர்களின் பைகள் உட்கார்ந்து வந்தன. நல்ல மனுஷர்கள்தான். இட்லிப் பொடி கொடுத்தார்கள். "போதும்" என்றேன். மூன்று நாளில் நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

நாலாம் நாள் பிரமிடு. டூர் நடத்திய பாஸ்கர், "ஒரு மணி நேரம் டைம், போட்டோ எடுத்துக்குங்க" என்றார். ஜோடி ஜோடியாக நின்றார்கள். என்னை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். போட்டோவில் யாருக்கும் தலை விழவில்லை. (அப்புறம்தான் சொன்னாங்க.) அதோடு எனக்கு வேலை இல்லை.

அவ்வளவு பெரிசை முன்னால் மட்டும் நின்று பார்த்துவிட்டு வர மனசு வரவில்லை. எங்கள் ஊரில் அது மரியாதை இல்லை. செத்துப்போன ராஜாவின் சமாதி என்று பாஸ்கர் சொல்லியிருந்தார். இருக்கட்டும், மூணு சுத்து சுத்திவிடலாம் என்று ஷூவைக் கழட்டி பஸ்ஸில் வைத்தேன். பையையும் வைத்தேன். போன், பாஸ்போர்ட் எல்லாம் பையில். சாக்ஸோடு இறங்கினேன். (வயசு அம்பத்தெட்டு. புத்தி வர வயசுதான்.)

கோயில் பிராகாரம் மாதிரி இல்லை. ஒரு பக்கம் நடக்கவே அஞ்சு நிமிஷம். கல், மணல், மறுபடி கல். ஒரு ஒட்டகக்காரர் ஏறச் சொன்னார். வேண்டாம் என்று கை காட்டினேன். அடுத்த சுத்தில் அவர் என் காலைப் பார்த்தார். மணலைப் பார்த்தார். கையை விரித்து என்னவோ கேட்டார். நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். ஒட்டகத்தை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, குனிந்து தேடிக்கொண்டே என்னோடு நடந்தார். அவர் பாஷையில் எப்படி விளக்குவது? நானும் குனிந்து தேடினேன். (ஒரு மரியாதைக்கு.)

அப்புறம் எத்தனை சுத்து என்று தெரியாது. நாலோ அஞ்சோ. யாராவது பின்னாலிருந்து சொல்வார்கள் என்றே நடந்திருக்கிறேன். அது உறைத்ததும் நின்றுவிட்டேன். பஸ் நின்ற இடத்துக்கு வந்தால் பஸ் இல்லை.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. பஸ் கிளம்பும்போது பாஸ்கர், "அவங்கவங்க ஜோடி பக்கத்துல இருக்காங்களா, பாத்துக்குங்க" என்றாராம். எல்லோரும் "இருக்காங்க" என்றார்களாம். யாரும் பொய் சொல்லவில்லை.

ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். சாக்ஸ் கிழிந்து கட்டைவிரல் வெளியே நின்றது. தங்கியிருந்த ஓட்டல் பெயர் தெரியாது. யார் யார் நம்மைத் தேடுவார்கள் என்று யோசித்தேன். யோசனை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒட்டகக்காரர் பாதி ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார். தின்றேன்.

பஸ்ஸில் போனவர்கள் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஒரு தட்டு மிச்சமாம். ஒரு அம்மாதான் கேட்டார்களாம், "அந்த 'போதும்' சொல்றவரு எங்க?"

பஸ் திரும்பி வந்தது. பாஸ்கர் என் ஷூவோடு ஓடி வந்தார்.

"அங்கிள்! எங்க போனீங்க?"

"சுத்திக்கினு இருந்தேன்."

"எத?"

"இத்த." பிரமிடைக் காட்டினேன். அவர் என் கட்டைவிரலைப் பார்த்தார். ஷூவைக் காலடியில் வைத்தார்.

ஒட்டகக்காரர் ஷூவைப் பார்த்ததும், தொலைந்தது அதுதான் என்று முடிவு செய்து, சந்தோஷமாக என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ரேவதி இதைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். ஒரு கல்யாணத்தில் சம்பந்தியம்மா பந்தியிலேயே கேட்டார்.

"அவ்ளோ சுத்தினீங்களே சம்பந்தி, என்னா வேண்டிக்கினீங்க?"

ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. அதைச் சொல்ல ஒரு மாதிரி இருந்தது.

"பஸ் வரணும்னு."

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப சக்தியுள்ள ராஜாதான்!" பந்தியே சிரித்தது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பஸ் வரவில்லை என்றாலும் எனக்குத்தான் போன். ஐயம்பேட்டை ஸ்டாப்பில் நின்றுகொண்டு, "மாமா, ஒரு சுத்து சுத்துங்களேன்" என்கிறார்கள். சரி என்று வைத்துவிடுவேன்.

முன்னெல்லாம் எனக்கு இவ்வளவு போன் வராது.