பீலியடியில் பூச்சியின் பெட்டி

பூச்சிக்குட்டிக்கு,

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டம் மேல்பிரிவு ஆறாம் லயத்து வீட்டிலிருந்து அம்மா இராக்கம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்துக்கும் ஒரு வரி எழுதவேண்டும். நீ காய்ச்சலில் போய் இரண்டு மாதமாகிறது, அதனால் அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறேன். என்னுடையது அஞ்சாம் வகுப்புப் படிப்பு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விசயம் உன் பெட்டியைப் பற்றி. பதுளை வகுப்பில் தனேஸ்வரன் சேர் உனக்குப் பழகிப் பார்க்கக் கொடுத்தாரே, விளையாட்டுச் சாமான்போல ஒன்றோடொன்று சொருகுகிற துண்டுகள். ஈரம் பட்டால் கண்டுபிடிக்க ஒன்று, போன் அடிக்க ஒன்று என்று சொருகி, உன் சிம்மையே போட்டு, லயத்துக்கெல்லாம் தண்ணீர் பிடிக்கிற பீலியடிப் பீப்பாயில் கட்டிவைத்தாய். குழாயில் தண்ணீர் வந்தால் மலையில் கொழுந்தெடுக்கிற எனக்கு அடிக்கும். “அம்மா, அடிச்சா எடுத்துறாத, காசு போயிரும். தண்ணி வந்துருச்சுன்னு தெரிஞ்சுக்க, போதும்” என்றாய். இன்றுவரை எடுக்கவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்தில், பூசாரி உன் பெயரைச் சொல்லித் தண்ணீர் தெளிக்கிற நேரம் பார்த்து என் போன் அடித்தது. பக்கத்துக் காம்பரா வீட்டு ஜெயமலர் கையிலெடுத்துப் பார்த்தாள், அதில் உன் பெயர், பயந்து போனைப் பாயாசத்துக்குள் போட்டுவிட்டாள். எல்லாரும் பின்னால் நகர, உன் அப்பா மட்டும் “பூச்சி கூப்புடுது, வாளிய எடு” என்று ஓடினார், ஏனென்றால் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. மனுசனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நாலுபேர் துரத்திப் பிடித்து உட்காரவைத்தார்கள், அதற்குள் ஏழாம் லயத்து ஆட்கள் தண்ணீரையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள்.

பூசாரி, “புள்ளைக்குத் தாகம், அந்தப் பெட்டிக்கிட்ட ஒரு செம்பு தண்ணி ஊத்துங்க” என்றார். ஊற்றினார்கள். ஈரம் பட்டதும், பாயாசத்திலிருந்து துடைத்தெடுத்த போன் அடித்தது. “பாத்தீங்களா, குடிச்சிருச்சு” என்றார். அன்றிலிருந்து போகிறவர் வருகிறவர் எல்லாம் செம்போடு வந்து, மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், மாட்டுக்குச் சினை என்று கேட்டுக் கேட்டு ஊற்றுகிறார்கள். மலையில் என் மடி ஓயாமல் அடிக்கிறது. கங்காணி, “இராக்கம்மா, பெரட்டுல ஆள் எண்ணுற நேரத்துல கூப்புட வேணாம்னு ஒம் மககிட்ட சொல்லு” என்கிறார். “நீங்களே சொல்லுங்கய்யா, நாஞ் சொல்லி எப்பக் கேட்டுச்சு?” என்றேன். நாங்கள் வாளியோடு ஓடிப்போய்ப் பார்த்தால் பீலி காய்ந்து கிடக்கிறது, பெட்டிதான் குளித்துவிட்டு இருக்கிறது.

இப்போது தனேஸ்வரன் சேர் ஆள் விட்டிருக்கிறார், அடுத்து வந்த பிள்ளைகள் பழகவேண்டுமாம், வெள்ளிக்கிழமை வந்து கழற்றிக்கொள்வாராம். நியாயம்தானே. நீ இருந்தாலும் கொடுக்கத்தான் சொல்வாய். மனதைத் தேற்றிக்கொண்டேன், துடைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

கதிர்காமத்தான் உனக்குத் துணை. அங்கேயும் மழை என்றால் நனையாமல் இரு. அப்பாவும் கேட்டதாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு. வெள்ளிக்கிழமை சேர் வந்தார். பெட்டி இன்னும் காயவில்லை என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். எப்படிக் காயும், பெரட்டுக்குப் போகுமுன் தினமும் முதல் செம்பு ஊற்றுவது நான்தான். ஊற்றிவிட்டு, போன் மடியில் அடித்து ஓய்கிறவரை நின்று கேட்பேன். ஒரே ஒரு தடவை எடுத்தால் கோவிச்சுக்குவியா, பூச்சி?