பின்தொடரத் தக்க நெருப்பு நாயகர்

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்ததும், ஊர் கட்டியதும், சட்டம் எழுதியதும், கவிதை பாடியதும் எல்லாமே ஒரு சமையற்காரன் நெருப்பை அடக்கி ஆண்டதால்தான் என்று நெருப்பு நாயகர் தன் வீடியோக்களில் அடிக்கடி சொல்வார். சொல்லும்போது கேமராவைப் பார்க்க மாட்டார். கேமராவுக்குச் சற்று மேலே, வரலாற்றைப் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்டவர் அன்று காலை தன் உணவகத்தின் சமையலறையில், எந்தத் திருகைத் திருப்பினால் அடுப்பு எரியும் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, அந்தக் கறுப்புத் திருகா இருக்குமோ?" என்றாள் மனைவி, கைப்பேசியைக் கீழே இறக்காமலே.

"எல்லாமே கறுப்பாதானே இருக்கு?"

"நீங்கதானே நெருப்பு நாயகர்! என்னைக் கேட்டா எனக்கு என்ன தெரியும்? எனக்கு ஆங்கிள் மட்டும்தான் தெரியும்."

நெருப்பு நாயகர் என்பது சமூக ஊடகத்தில் அவர் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பட்டம். வாணலியில் ஆளுயரத்துக்குத் தீ எழும்பும். பக்கத்தில் கறுப்புக் கோட்டு போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தாடியைக் கொஞ்சம் தூக்கியபடி நாயகர் நிற்பார். அந்தப் படங்களில் ஊரே சொக்கிக் கிடந்தது. வாணலியைப் பிடித்திருக்கும் கை மட்டும் படத்தின் ஓரத்திலிருந்து வரும். நாயகரின் இரண்டு கைகளும் மார்பில் இருக்க, மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று அவரைப் பின்தொடர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அது சமையற்காரரின் கை. அவரும் ஒன்றும் அப்பாவி இல்லை. இரண்டு மாதமாகச் சத்தமில்லாமல் தாடி வளர்த்து, சொந்தச் செலவில் ஒரு கறுப்புக் கோட்டும் தைத்துக்கொண்டு, "இனிமே வீடியோல என் மூஞ்சியும் வரணும்" என்று முந்தின நாள் வந்து நின்றார்.

"கைக்கு எதுக்குய்யா மூஞ்சி?" என்று கேட்டுவிட்டார் நாயகர்.

அவ்வளவுதான். மறுநாள் கை வரவில்லை. போனையும் அணைத்து வைத்துவிட்டது. பரிமாறுபவர் சமையற்காரரின் தம்பி என்பதால் அவரும் வரவில்லை.

இது எந்த நாளில் நடந்திருந்தாலும் கடையைப் பூட்டிவிட்டு, 'மௌனமும் ஒரு மசாலாதான்' என்று ஒரு படம் போட்டுச் சமாளித்திருக்கலாம். ஆனால் அன்று பார்த்துப் பட்டியல்காரர் வருவதாக இருந்தது.

ஊரில் யார் யாரைப் பின்தொடரலாம் என்று பட்டியல் போடுவதையே பிழைப்பாகக் கொண்ட மனிதர் அவர். பின்தொடரத் தக்க பூனைகள், பின்தொடரத் தக்க பல் மருத்துவர்கள் என்று போட்டு முடித்து, இந்த முறை 'பின்தொடரத் தக்க நம்மூர் செஃப்கள்' என்று அறிவித்திருந்தார். அவர் பட்டியலில் இடம்பிடித்த பூனை ஒன்று இப்போது ஷாம்பு விளம்பரத்தில் நடிக்கிறது. அந்த அறிவிப்பையும் நாயகருக்கு வேறு யாரோதான் சொன்னார்கள். நாயகர் வீட்டில் அடுத்தவர் பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் கிடையாது. தன் பக்கத்தைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

காலையில்தான் பட்டியல்காரரின் டிரைவர் போன் செய்தார். "ஐயா மதியம் வர்றார். ஒரு மேசை போட்டு வைங்க."

போனை எடுத்தவர் மனைவியின் அண்ணன். உணவகம் அவருடையதுதான். மெத்தைக் கடையில் மெத்தை விற்றுக்கொண்டிருந்த தங்கை புருஷனைக் கூட்டிவந்து, தாடி வளர்க்கச் சொல்லி, கோட்டு மாட்டி, செஃப் என்று நிறுத்தியவர். போனை வைத்ததும் நேராகச் சமையலறைக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, லிஸ்ட் போடத்தான் வர்றார். உங்க பேர் அதுல வந்துடுச்சுன்னா, சாகுற வரைக்கும் இந்தக் கடைக்கு நீங்கதான் செஃப். வரலைன்னா, கோட்டைக் கழட்டி வெச்சுட்டு மெத்தைக் கடைக்கே போயிடுங்க. எனக்கு வேற ஒரு தாடி கிடைக்கும்."

"மச்சான், உங்க தங்கச்சி முன்னாடியே இப்படிப் பேசுறீங்களே?"

"அவளும் கேக்கட்டும்னுதான் பேசுறேன்."

மெத்தைக் கடைக்குத் திரும்பிப் போவதை நாயகரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அங்கே வாடிக்கையாளர் முன்னால் படுத்துக் காட்ட வேண்டும். அவர் துணிந்து எல்லாத் திருகுகளையும் திருப்பினார். கொஞ்ச நேரம் உஸ்ஸென்ற சத்தத்தை ரசித்தார். பிறகு தீக்குச்சியைக் கிழித்தார்.

குப்பென்று ஒரு நீலப் பூ மலர்ந்து மறைந்தது. அத்துடன் தாடியின் இடப்பக்கமும் மறைந்தது.

"அப்படியே நில்லுங்க!" என்று கத்தினாள் மனைவி. "எவ்வளவு நல்லா இருந்துச்சு! ஐயய்யோ, பதிவாகலியே. இன்னொரு தடவை பண்றீங்களா?"

மச்சான் ஓடிவந்து வாயுக் குழாயையே மூடிப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "உங்களுக்குப் போனது தாடி. எனக்குப் போகப்போறது கட்டடம். இனிமே இந்த அடுப்பைத் தொடாதீங்க."

ஆக, சமைக்க ஆள் இல்லாத சமையலறையில் இப்போது அடுப்பும் இல்லை. மனைவி கண்மையை எடுத்து, போன பாதித் தாடியைக் கன்னத்தில் வரைந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் தாடிதான். பக்கத்தில் வந்தால், சுவரில் பிள்ளைகள் கிறுக்கியதுபோல இருந்தது. வந்திருந்த நாலைந்து வாடிக்கையாளர்களையும் மச்சான் 'படப்பிடிப்பு' என்று சொல்லி வெளியே அனுப்பினார். அவர்கள் கோபப்படவில்லை. வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திருப்தியாகப் போனார்கள்.

பட்டியல்காரர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். எத்தனையோ பேரின் புகழை விரல் நுனியில் வைத்திருந்த மனிதர், ஆள் என்னவோ ஒல்லியாக இருந்தார். உட்கார்ந்ததும் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை" என்றார் சிரித்துக்கொண்டே.

மச்சான் சமையலறைக்கு ஓடிவந்தார். "கேட்டீங்களா? ருசி கலந்துடக் கூடாதுன்னு நாக்கைச் சுத்தமா வெச்சுக்கிட்டு வந்திருக்கார். சாதாரண ஆள் இல்ல. ஏதாவது குடுங்க மாப்பிள்ளை!"

"என்னத்தைக் குடுக்க?"

மச்சான் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணாடி அலமாரியில் தங்க நிறத்தில் ஒரு முழுக்கோழி பளபளத்தது. தலையில் வெள்ளை நுரை. அதைத் தூக்கிக்கொண்டு நாயகர் தடுப்பதற்குள் வெளியே போய்விட்டார்.

அது நாயகரின் புகழ்பெற்ற கோழி. ஏறக்குறைய எல்லா வீடியோவிலும் நடித்திருக்கிறது. மேலே பூசியிருந்தது நாற்காலிக்கு அடிக்கும் வார்னிஷ். தலையில் இருந்தது முகச்சவர நுரை.

நாயகர் ஓடி வந்தபோது பட்டியல்காரரின் முள்கரண்டி கோழியின் தொடையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"தொடாதீங்க சார்!"

கரண்டி அப்படியே அந்தரத்தில் நின்றது.

"எங்க உணவை..." நாயகர் மூச்சு வாங்கினார். தாடியின் நிஜப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, வரலாற்றைப் பார்த்தார். "எங்க உணவை முதல்ல கண்ணால சாப்பிடணும்."

"சரி, சாப்பிட்டாச்சு" என்றார் பட்டியல்காரர். "இப்ப வாயால சாப்பிடலாமா?"

"படம் எடுக்கணுமே சார்!" என்று மனைவி குறுக்கே புகுந்தாள். கோழியை வலமிருந்து எடுத்தாள். இடமிருந்து எடுத்தாள். நாற்காலி மேல் ஏறி எடுத்தாள். பட்டியல்காரரையே விளக்கைப் பிடிக்கச் சொல்லி எடுத்தாள். அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு கோழியைப் பார்த்த பார்வை, குழந்தை பிறந்த அன்று தகப்பன் பார்ப்பதுபோல இருந்தது.

எல்லாம் முடிந்ததும் நாயகர் தட்டை எடுத்துக்கொண்டார். "ஆறிப்போச்சு சார். ஆறினதை நாங்க யாருக்கும் தர்றதில்லை."

"எனக்கு ஆறினாலும் பரவாயில்லைங்க."

"எனக்குப் பரவா இருக்கே சார்!" என்றார் நாயகர் கம்பீரமாக.

மேசைக்கு அடியிலிருந்து கர்ரென்று ஒரு சத்தம் வந்தது.

"சார், உங்க போன் அடிக்குது" என்றாள் மனைவி.

"போன் இல்லைம்மா" என்றார் பட்டியல்காரர் மெல்ல. பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, "ஒரு முட்டை இருந்தாலும் போதும். சும்மா அவிச்சுக் குடுங்க" என்றார்.

சமையலறையில் அவசரக் கூட்டம் கூடியது. மச்சானின் முகம் வெளுத்திருந்தது.

"முட்டை கேட்டுட்டார்! பெரிய பெரிய ஆளுங்களையெல்லாம் இவங்க முட்டையிலதான் கவுப்பாங்க. வெந்த பதத்தை வெச்சே ஜாதகம் கணிச்சுடுவாங்க."

"அவிச்சுடலாம் மச்சான். அடுப்புச் சாவியைக் குடுங்க."

"செத்தாலும் குடுக்க மாட்டேன்."

மூலையில் மைக்ரோவேவ் இருந்தது. நாயகர் நான்கு முட்டைகளை ஓட்டோடு ஒரு தட்டில் அழகாக அடுக்கினார். கீழே வெள்ளித்தாள் விரித்தார். அது மின்னினால் படம் நன்றாக வரும் என்பது அவர் கணக்கு. முழங்கையை உயர்த்தி, அதன் வழியாக உப்பைச் சரியவிட்டார். கதவை மூடினார். இருப்பதிலேயே பெரிய எண்ணை அமுக்கினார்.

வெளியே மச்சான் விருந்தாளிக்குப் பொழுதுபோக்காகத் தன் கைப்பேசியில் பழைய வீடியோக்களைக் காட்டிக்கொண்டிருந்தார். திரையில் வெண்ணெய் உருகியது, ரொட்டி பொன்னிறமானது, ஏதோ ஒன்றிலிருந்து ஆவி பறந்தது. பட்டியல்காரர் எச்சில் விழுங்கினார்.

"இதுல ஒண்ணைக் கொண்டு வர முடியுமா?"

"இதெல்லாம் போன வருஷம் எடுத்தது சார்."

பட்டியல்காரர் தண்ணீர்க் குவளையில் மிதந்த எலுமிச்சைத் துண்டை எடுத்துத் தோலோடு தின்றார். பிறகு, யாரும் பார்க்காத மாதிரி, பூச்சாடியிலிருந்து ஒரு இதழைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

மச்சானுக்குப் புல்லரித்தது. தங்கையின் காதில் கிசுகிசுத்தார்: "மேசை அலங்காரத்தைக்கூட ருசி பாக்கிறார்டி! எவ்வளவு நுணுக்கம்!"

அப்போதுதான் உள்ளே நான்கு முட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன.

புகை அடங்கியபோது மைக்ரோவேவின் கதவு பாத்திரம் கழுவும் தொட்டியில் கிடந்தது. மஞ்சள் கரு கூரையில் ஒட்டியிருந்தது. நாயகரின் நிஜத் தாடியில் முட்டை ஓடு. வரைந்த தாடி வியர்வையில் கரைந்து கழுத்துப் பட்டைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது" என்றார் நாயகர், தரையில் உட்கார்ந்து. "நான் மெத்தையிலேயே படுத்துக்கறேன்."

மனைவி முதன்முறையாகக் கைப்பேசியை இறக்கினாள். "எந்திரிங்க. வேற என்னதான் இருக்கு உள்ளே?"

"புகை மிஷின் இருக்கு. கண்ணாடி மூடி இருக்கு. தட்டு இருக்கு. தட்டுல வைக்கத்தான் ஒண்ணும் இல்லை."

சொன்னவர் அப்படியே நிறுத்தினார். மெதுவாக எழுந்தார். தாடியிலிருந்த ஓட்டைத் தட்டிவிட்டார். கண்கள் கேமராவுக்குச் சற்று மேலே போயின.

"ஒண்ணும் இல்லை" என்றார் மறுபடியும், இந்த முறை வேறு குரலில். "அதையே வைப்போம்."

சற்று நேரத்தில் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் மனைவி கைப்பேசியோடு பின்னோக்கி நடந்தாள். நடுவில் நாயகர், கண்ணாடி மூடி போட்ட பெரிய வெள்ளைத் தட்டோடு. பின்னால் மச்சான் கைகட்டி. பட்டியல்காரர் தட்டைக் கண்டதும் மேசையிலிருந்த கைத்துண்டைக் கழுத்தில் செருகிக்கொண்டார். முள்கரண்டியை எடுத்துத் தயாராகப் பிடித்துக்கொண்டார்.

நாயகர் மூடியைத் திறந்தார். வெள்ளைப் புகை எழுந்து மேசையெங்கும் பரவிக் கலைந்தது. தட்டு கழுவி வைத்ததுபோலச் சுத்தமாக இருந்தது.

பட்டியல்காரர் தட்டின் விளிம்பைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"இதுக்குப் பேர் 'பசி'" என்றார் நாயகர். "எல்லாரும் சோறு போடுவாங்க சார். பசியைப் பரிமாற ஒரு கலைஞன் வேணும். நாம எல்லாரும் தின்னுட்டே இருக்கோம். கடைசியா எப்ப சார் நீங்க உண்மையா பசிச்சு உக்காந்திருக்கீங்க?"

பட்டியல்காரர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். கண் நிரம்பி, ஒரு சொட்டு தட்டின் நடுவில் விழுந்தது. மனைவி அதைக் கிட்டப் போய்ப் படமெடுத்தாள்.

"இவ்வளவுதானா?" என்றார் அவர்.

"இவ்வளவுதான் சார். இதுக்கு மேல ஒண்ணுமே இல்லை."

"எனக்குப் பேச வரலைங்க."

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு கணம் தள்ளாடினார். துண்டைக் கழுத்திலிருந்து எடுக்காமலே, சுவரைத் தொட்டுத் தொட்டு வாசலைக் கடந்து காருக்குப் போனார்.

கதவு மூடியதுதான் தாமதம், மச்சான் நாயகரைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"அழுதுட்டார் மாப்பிள்ளை! நடக்கக்கூட முடியலை, பாத்தீங்களா? ஆடிப்போயிட்டார் மனுஷன். மெத்தைக் கடையை மறந்துடுங்க!"

"அந்தச் சமையற்காரன் இனிமே வந்தாலும் உள்ளே விடாதீங்க" என்றார் நாயகர். "எனக்கு இனிமே கை தேவையில்லை."

மனைவி கண்ணீர்ச் சொட்டின் படத்தை அப்போதே பதிவேற்றிவிட்டாள். இதயக் குறிகள் கொட்டத் தொடங்கின. 'எப்ப சார் மெனுல வரும்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'நான் ரெண்டு பிளேட் சாப்பிடுவேன்' என்று இன்னொருவர்.

கதவை யாரோ தட்டினார்கள். டிரைவர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு நின்றார்.

"சார், ரெண்டு பிஸ்கட் கிடைக்குமா? இல்லைன்னா ஒரு வாழைப்பழம். ஐயா கண்ணை இருட்டுதுன்னு பின்சீட்டுல சாஞ்சுட்டார்."

"இருக்காதா பின்னே? அனுபவம் அப்படி!" என்றார் மச்சான் பெருமையாக. "அதை விடுங்க. லிஸ்ட் எப்ப வரும்? நம்ம மாப்பிள்ளைக்கு அதுல எத்தனாவது இடம் தருவார்?"

டிரைவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லிஸ்ட்டா? அது போன வாரமே வந்தாச்சே சார். முதல் பேரே உங்க மாப்பிள்ளையோடதுதான். அதான், ஒரு தடவை சாப்பிட்டுத்தான் பாப்போமேன்னு வந்தார்."