வெறும் புட்டியில் வளர்ந்த எலும்பு

மார்ச் 4, செவ்வாய்

முதலில் தப்பை எழுதிவிடுகிறேன். நேற்று வெறும் புட்டி வைக்கவில்லை.

மாலை வகுப்பில் ஆறு வாரமாக எங்களுக்கு ஒரே வேலை. எலும்பு போன இடத்தை நிரப்ப மருத்துவர்கள் ஒருவகைக் கண்ணாடித் தூளை வைக்கிறார்கள். இரத்தத்தில் உள்ள உப்புகளைக் கலந்த நீரில், உடம்புச் சூட்டில் அதைப் போட்டு வைத்தால், எலும்பில் இருக்கும் தாதுவைப் போலவே ஒரு வெள்ளைப் படலம் மெல்ல அதன்மேல் படியும். படிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. பக்கத்திலேயே கண்ணாடி போடாத ஒரு புட்டியும் இருக்க வேண்டும். அதிலும் வெள்ளை வந்தால், வந்தது கண்ணாடியால் அல்ல. இதை நோட்டில் மூன்று இடத்தில் அடிக்கோடிட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மூன்று வாரம் ஆகிறது. மாவுக்கட்டு போட்டும் எலும்பு நேராக நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை தகடு வைத்துத் திருகாணி போட ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். தள்ளிப்போட்டால் கோணலாகச் சேரும், பிறகு உடைத்துத்தான் சரி செய்ய வேண்டும் என்று சொல்லியும் அனுப்பினார்கள். அக்காவோ எலும்பு ஐயாவிடம் போய் உயிர்மணி என்று ஒரு சிறு கண்ணாடி உருண்டையும் ஒரு புட்டி உயிர்நீரும் வாங்கி வந்துவிட்டாள்.

எலும்பு ஐயாவைத் தெரியாதவர் இப்போது ஊரில் இல்லை. பழைய அச்சகத்தின் மாடியில் இருக்கிறார். கால் உடைந்தவர்களைக் குணமாக்கும் இடத்துக்கு இருபத்திரண்டு படி. தெருமுனை வரை வரிசை நிற்கிறது. ஊன்றுகோல்காரர்கள், கழுத்துப்பட்டைக்காரர்கள், எதுவும் உடையாமல் எதற்கும் இருக்கட்டும் என்று வந்தவர்கள். யாராவது மேலே ஏறிவிட்டால் அதையே பாதிக் குணம் என்று எழுதிக்கொள்கிறார்கள். ஏற முடியாதவர்கள் கணக்கில் வருவதில்லை. சுவரில் கண்ணாடித் தூள் பற்றிய செய்தித்தாள் துண்டு ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. விஞ்ஞானத்தைத் திட்டிக்கொண்டே அதன் சட்டையைப் போட்டுக்கொள்கிற ஆள்.

முறை எளிது. மணியை நீரில் போட வேண்டும். அவர் விற்கும் குழலால், வலியை நினைத்து மூன்று மூச்சு ஊத வேண்டும். நீர் பால்போல் கலங்கி, மணிமேல் வெள்ளை படியும். உள்ளே எலும்பு வளர்வதற்கு அதுதான் அடையாளமாம். நாலாவது மூச்சு ஊதக் கூடாது. ஊதினால் வளர்ந்த எலும்பு கரைந்துவிடுமாம். எக்ஸ்ரே எடுத்தால் மணி கோபித்துக்கொள்ளுமாம்.

நேற்று வீட்டில் நானே ஊதினேன். கலங்கியது. சிறிது நேரத்தில் மணியும் வெளுத்தது. வகுப்பில் மூன்று நாள் காத்திருந்து பார்த்த படலத்தைப் பத்தே நிமிடத்தில் பார்த்ததும் புத்தி கெட்டுவிட்டது.

"அக்கா, நெஜமாவே வெள்ளை படியுது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அக்கா உடனே அத்தானைப் பார்த்தாள். "கேட்டீங்கல்ல? படிக்கிற பொண்ணே சொல்லிட்டா. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு வேண்டாம்னு சொல்லுங்க."

"அவ இன்னும் பரீட்சையே எழுதலயே" என்றார் அத்தான். ஆனாலும் ஃபோன் போட்டுவிட்டார்.

மார்ச் 5, புதன்

பகலில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் இரண்டு ஜன்னல் கண்ணாடிகளை அளவு தவறி அறுத்தேன். முதலாளி இரண்டையும் எடுத்து என் மேசைமேலேயே சாத்தி வைத்துவிட்டுப் போனார். அது திட்டுவதைவிட மோசம்.

வகுப்பில் என் பக்கத்து மேசைக்காரர் தளக்கல் அறுக்கிறவர். எதையும் நம்பாததால் அவருக்குச் சந்தேகம் என்றே பெயர். நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"வெறும் புட்டி எங்க?"

நோட்டைத் திறந்தேன்.

"நோட்டுல மூணு தடவ கோடு போட்டிருக்கியே, எதுக்கு? அழகுக்கா?"

அக்காவின் மணியையும் குழலையும் மீதி உயிர்நீரையும் கொண்டுபோயிருந்தேன். நீரை மூன்றாகப் பிரித்தோம். ஒன்றில் மணி. ஒன்றில் சிறு கூழாங்கல். ஒன்றில் எதுவும் இல்லை. மூன்றிலும் ஊதினோம். மூன்றும் பாலாயின. கூழாங்கல்லுக்கும் எலும்பு வளர்ந்தது. எதுவும் இல்லாத புட்டியின் அடியில் எதுவும் இல்லாததற்கே எலும்பு வளர்ந்து படிந்திருந்தது.

"சுண்ணாம்பைக் கரைச்சுத் தெளிய வச்ச தண்ணி" என்றார் சந்தேகம். "மூச்சுப் பட்டா கலங்கும். பள்ளிக்கூடத்துல பாத்திருப்பியே."

பார்த்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்தது பள்ளிக்கூடத்தோடு போயிற்று.

நாலாவது மூச்சையும் ஊதிப் பார்த்தோம். பிறகு ஐந்தாவது, பத்தாவது. விடாமல் ஊத ஊத வெள்ளை கரைந்து நீர் தெளிந்துவிட்டது. எலும்பு ஐயா ஏன் மூன்றோடு நிறுத்துகிறார் என்று புரிந்தது.

மார்ச் 6, வியாழன்

அக்காவிடம் காலையில் சொன்னேன். நம்பவில்லை. "திங்கக்கெழமை ஆமான்ன, இன்னைக்கு இல்லங்கிற. உன் பேச்சுல எதைடி எடுத்துக்கிறது?" நியாயமான கேள்வி. இன்று இரண்டாவது மணி வாங்க வேண்டிய நாள். அத்தானும் எதிர்வீட்டுக்காரரும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு படி ஏறினார்கள். நானும் சந்தேகமும் பின்னால் போனோம்.

எலும்பு ஐயா மேடையில் இருந்தார். எங்கள் முறை வந்ததும், கல் ஒன்றைப் போட்டு ஊதிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"நீ என்னம்மா வேலை பாக்கிற?"

"ஜன்னலுக்குக் கண்ணாடி அறுக்கிறேங்க."

"அறுக்கிறவளுக்குச் சேக்கிறவன் வேலை புரியாது." கூட்டம் கைதட்டியது. எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"நானும் அறுக்கிறவன்தாங்க, தளக்கல்லு" என்று சந்தேகம் முன்னால் வந்தார். "புரியாமத்தான் கேக்கிறேன்." தன் சட்டைப் பித்தானைப் பிய்த்து மேடையில் இருந்த புட்டியில் போட்டு மூன்று மூச்சு ஊதினார். பால்போல் கலங்கியது.

"பித்தானுக்கு எந்த எலும்புங்க முறிஞ்சிருக்கு?"

யாரோ சிரித்தார்கள். எலும்பு ஐயா அசரவில்லை. "உடம்புல கெடந்த பித்தான். உயிர் ஒட்டியிருக்கும்."

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "அப்ப ஒண்ணுமே போடாம ஊதுவோம். அக்கா, நீயே ஊது."

அக்கா குழலை வாங்கினாள். ஐயா கை நீட்டித் தடுத்தார். "வெறும் நீரில ஊதறது பாவம்."

"என் மூச்சுதானே மருந்துன்னு சொன்னீங்க" என்றாள் அக்கா. ஊதினாள். மூன்று மூச்சில் கலங்கியது. நிறுத்தவில்லை.

"போதும்மா, எலும்பு கரைஞ்சிடும்."

"எந்த எலும்பு? உள்ள ஒண்ணுமே இல்லயே."

ஊதிக்கொண்டே இருந்தாள். வரிசை கலைந்து எல்லாரும் மேடையைச் சுற்றி வந்துவிட்டார்கள். வெள்ளை மெல்ல மெல்ல மறைந்து நீர் தெளிந்தது. அக்கா தன் காலைப் பார்த்தாள். கால் இருந்தபடியே இருந்தது. வளரவும் இல்லை, கரையவும் இல்லை.

பிறகு ஆளுக்கொரு புட்டியை எடுத்து ஊதத் தொடங்கினார்கள். சாவிக்கு எலும்பு வளர்ந்தது. மூக்குக்கண்ணாடிக்கு வளர்ந்தது. ஐயா தாகத்துக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார். உள்ளே பின்படி ஒன்று இருந்தது எங்களுக்குத் தெரியாது. அதில் அவர் இறங்கிய வேகத்தைப் பார்த்த ஒருவர், அவர் கால் மட்டும் நல்ல குணம் என்றார். கழுத்துப்பட்டை போட்ட பெரியவர் ஒருவர் சந்தேகத்தைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பித்தானை என்ன விலைக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்.

இறங்கும்போது பத்தாவது படியில் நாற்காலியை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள்.

"நீ சொன்னதாலதான்டி நம்பினேன்" என்றாள் அக்கா.

"தெரியும்க்கா. வெறும் புட்டி வைக்கல. என் தப்பு."

"இனிமே எதுவா இருந்தாலும் வச்சுப் பாத்துட்டுச் சொல்லு." பிறகு அத்தானிடம், "ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போடுங்க."

அத்தான் படியிலேயே நின்று போட்டார். நாளைய இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். காலையில் வந்து காத்திருந்தால், யாராவது வராமல் போனால் சேர்த்துக்கொள்வார்களாம். இல்லாவிட்டால் மூன்று வாரம். அக்கா தலையாட்டினாள். தள்ளிப்போட்டால் எலும்பு கோணலாகச் சேரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது எல்லாருக்கும் நினைவிருந்தது.

ஊதியது அவரவர் மூச்சு, பெயர் வாங்கியது அவர். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில், ஒன்றும் போடாமல் ஊதினால் என்ன ஆகும் என்று கேட்க ஒருவருக்கும் ஒரு மூச்சு மிஞ்சவில்லை. எனக்கும்தான். அதனால் மற்றவர்களைப் பார்த்து அதிகம் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. கொஞ்சம் சிரித்துக்கொள்கிறேன்.

நாளை: கடைக்கு விடுப்புச் சொல்ல வேண்டும். அக்கா வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். எக்ஸ்ரே படங்களை எடுத்துக்கொண்டு ஆறரைக்குள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும். முடிந்தால் மாலை வகுப்பு. நான்கு புட்டி: மூன்றில் கண்ணாடித் தூள், ஒன்றில் எதுவும் இல்லை. வெறும் புட்டி முதலில்.