வெதுவெதுப்பான கம்பூட்ஸ்

"தண்ணியில வேலை பாக்கிறவளுக்குக் கால் நனையக்கூடாதுன்னா எப்படி புள்ள?" என்று முதல் நாளே கேட்டார் சூப்பவைசர் நிமலன்.

ரஜிதாவுக்குப் பதிலெல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும்.

எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் குளத்தில், விடியற்காலைப் பனியில் வள்ளத்தில் நின்றபடி துடுப்புப் போட்டுப் பாசி அள்ளுவது அவள் வேலை. வள்ளத்துக்குள் எப்போதும் கணுக்கால் அளவு தண்ணீர், ஐஸ் மாதிரி. ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி தம்புள்ளைக்கு வெங்காயம் பொறுக்கப் போகவேண்டும்.

முதலில் காலுறை போட்டாள். அது குளிரைக் காலோடு சேர்த்துக் கட்டிவைத்தது. மேலே சிலிசிலி பொலித்தீன் பையைச் சுற்றினாள். வழுக்கிக் குளத்துக்குள் விழுந்தாள். பிறகு உரப்பையைச் சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டினாள். தண்ணீர் புகவில்லை. அவிழ்த்தால், உள்ளே இரண்டு அட்டைகள் கொழுத்துப்போய் சுகமாகக் கிடந்தன.

மறுநாள் குளக்கட்டில், முனியாண்டிச் சாமிக் கல்லடியில், முழங்கால் உயர ரப்பர் கம்பூட்ஸ் ஒரு சோடி நின்றது. சுற்றிலும் பனி. ஆள் இல்லை.

"முனியப்பா, வேலை முடிஞ்சதும் வச்சிடுறேன்."

காலை விட்டாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றிவிட்டுப் போனமாதிரி.

அலறிக்கொண்டு ஓடியிருக்கவேண்டும். ஆனால் தனக்குக் கால்விரல் இருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

தினமும் ஈரமாக வைத்துவிட்டுப் போவாள். விடிந்தால் காய்ந்து, வெதுவெதுப்பாக நிற்கும். சில நேரம் அவள் துடுப்பை நிறுத்திய பிறகும் பனிக்குள் தண்ணீர் சளக், சளக் என்றது. எதிரொலி என்று சொல்லிக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை குளக்கட்டில் நிமலன் பூட்டும் சாவியுமாக நின்றார். பக்கத்தில் கொழுந்தெடுக்கிற ராசம்மா, கையில் அந்தக் கம்பூட்ஸோடு.

"வேலை முடிஞ்சிச்சு புள்ள. பனிக்குள்ள முனி தண்ணி மேல நடக்குதாம். கொளத்தக் கலக்குறதாலதான்னு சொல்லிப் பொம்பளைங்க மலை ஏற மாட்டேங்கிறாங்க. வள்ளத்தப் பூட்டணும்."

"என் கண்ணால பாத்தேன் சேர்," என்றாள் ராசம்மா. "பாவம், அதுக்கும் கால் சில்லிடுமேன்னுதான் இத வாங்கி வச்சேன். ராவெல்லாம் அடுப்போரம் காய வச்சு, விடிய முன்ன கொண்டாந்து வைக்கிறேன். பொழுது சாய வந்து பாத்தா நனைஞ்சு கெடக்கும். போடுதுல்ல?"

ரஜிதாவுக்கு வாழ்க்கையில் முதல்தடவையாகப் பதில் நேரத்துக்கு வந்தது.

"அக்கா, அது நான்தான்! நின்னுக்கிட்டுத் துடுப்புப் போடுவேன். பனியில வள்ளம் தெரிஞ்சிருக்காது. சப்பாத்தும் நான்தான் போட்டேன். மன்னிச்சிடுங்க."

நிமலன் வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்தா நிக்குது ஒங்க முனி! போ புள்ள, போய் வள்ளத்துல ஏறு. ஒன் வேலை ஒனக்குத்தான்."

ராசம்மா சிரிக்கவில்லை. ரஜிதாவையே பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை நீ லீவுதானே புள்ள? அன்னிக்கும் நனைஞ்சுதானே கெடக்குது?"

நிமலன் முனியாண்டிக் கல்லைத் திரும்பிப் பார்த்தார். குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார். பூட்டையும் சாவியையும் ரஜிதாவின் கையில் வைத்தார். வெறுங்காலோடு மேட்டில் ஏறிப் போனார்.