குங்குமப்பூவை மட்டும் மாற்றக் கூடாது

வீட்டுக்கார அம்மா அனுப்பிய குரல்பதிவைத் தேவானை ஐந்தாவது தடவையாகக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மதியம் வரேன். வீட்டை என்ன பண்றதுன்னு நேர்ல பேசிக்கலாம். பெருசா எதுவும் சமைக்காதீங்க. ஒரு..."

அந்த இடத்தில் ஒரு பஸ் ஆரன் அடித்தது. 'ப'வில் தொடங்கி 'யா'வில் முடியும் ஏதோ ஒன்று. அது இருந்தால் போதுமாம்.

"பாயசமா இருக்கும்" என்றான் கணவன் பாலு.

"அது 'யா'வுலயா முடியுது?"

"பப்பாளியா?"

"ஒரு பப்பாளிக்கா சொல்லி வுடுவாங்க?"

கல்லூரியில் படிக்கும் மகள் தமிழ்நிலாதான் முடிச்சை அவிழ்த்தாள். "அம்மா, அஸ்மத்துன்னிசா மேடம் ரெண்டு வருஷமா எங்க இருந்தாங்க?"

"ஸ்பெயினு. மவன் வூட்ல."

"அப்போ பயேயா! அந்த ஊரு சோறு. வீட்ல இருக்கிறத வெச்சே செய்யலாம். எது இல்லையோ, அதுக்குப் பதிலா எது இருக்கோ அதைப் போடலாமாம்."

"அப்புறம் சமையல்குறிப்பு எதுக்குடி?"

கோட்டூர்புரத்தில் பதினாறு வருடமாக வாடகைக்கு இருக்கும் வீடு. காலி பண்ணச் சொல்லிவிட்டால் எங்கே போவது? தேவானை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

குண்டு அரிசி வேண்டும். இட்லி அரிசி போட்டாள். இறால் வேண்டும், பாலு நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தான்.

"எறா இல்ல தேவானை. இதுவும் கடல்லேர்ந்துதான வருது?"

அகலமான சட்டி இல்லை. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தாம்பாளத்தை அடுப்பில் ஏற்றினாள். நடுவில் கருகியது, ஓரத்தில் வேகவே இல்லை.

"கிளறக் கூடாதும்மா! அடிப்பிடிச்சாதான் ருசியாம்."

"இத்த முன்னாடியே சொல்லிருந்தா, இருவது வருஷமா உங்கப்பன் கைல பேச்சு வாங்கிருப்பனா?"

"இன்னொண்ணும்மா. எதை வேணா மாத்தலாம், குங்குமப்பூவை மட்டும் மாத்தக் கூடாதாம்."

தேவானை மாடிக்கு ஓடினாள். கோமளம் மாமி கதவைத் திறந்தார்.

"மாமி, குங்குமப்பூ இருந்தா ரெண்டு இழை குடுங்களேன்."

மாமி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். "தமிழ்நிலாவுக்கு அப்புறம் இத்தனை வருஷம் கழிச்சா! நன்னா இருடிம்மா. எத்தனாவது மாசம்?"

"ஐயோ மாமி, இது சோத்துல போட!"

"சோத்துல போட்டுண்டா என்ன, பால்ல போட்டுண்டா என்ன? வயித்துக்குள்ள போனாச் சரி."

கீழே கருகல் வாசனை கூடியதால், தேவானை மறுத்துச் சொல்ல நிற்காமல் மாமி நீட்டிய டப்பாவோடு இறங்கினாள்.

சரியாக ஒரு மணிக்கு அஸ்மத்துன்னிசா வந்தார். பின்னாலேயே கோமளம் மாமி, கையில் ஒரு கிண்ணம் வடுமாங்காயோடு.

"நீ நிக்காதே, உக்காரும்மா" என்றார் அஸ்மத்துன்னிசா. "மாமி படியிலயே சொல்லிட்டாங்க. உங்களக் காலி பண்ணச் சொல்லிட்டு நானே இங்க குடிவரலாம்னுதான் வந்தேன். இந்த நேரத்துல உன்னக் கெளப்பினா அல்லாவுக்கே அடுக்காது. நீங்க இருங்க. நான் மகன்கிட்டயே திரும்பிப் போயிடறேன்."

"மேடம், அது இன்னான்னா..." என்று தொடங்கிய பாலுவின் காலைத் தேவானை மிதித்தாள். கொஞ்சம் பலமாகவே மிதித்தாள்.

"மேடம், மொதல்ல சாப்டுங்க. நீங்க கேட்டதுதான்."

தமிழ்நிலா தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மஞ்சள் சோற்றின் மேல் நெத்திலிகள் வட்டமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அஸ்மத்துன்னிசா பார்த்தார். முகம் சுருங்கியது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இந்தச் சோத்துக்குப் பயந்துதாம்மா ஸ்பெயின்லேர்ந்தே ஓடியாந்தேன்! நான் கேட்டது பாயா, ஆட்டுக்கால் பாயா. வேணாம், நான் திரும்பிப் போகல. இந்த வீட்லயே ஒரு சின்ன ரூம் எனக்குப் போதும், கூடவே இருந்து உன் பிரசவத்த நானே பாத்துக்கறேன்."