தேற்றாத்தீவு ஸ்டேசன்

மேசை கதவால் போகாது என்பதை நல்லரத்தினம் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்.

நீளப்பாட்டில் தள்ளிப் பார்த்தார். குறுக்கே சரித்துப் பார்த்தார். சரித்தபோது மேலே சாந்தில் பூசியிருந்த வாவி வெடிக்கப் பார்த்தது, பயந்துபோய் விட்டுவிட்டார். ஹோலுக்குள்ளேயே பலகை அடித்து, ஹோலுக்குள்ளேயே கால் பூட்டி, ஹோல் நீளத்துக்கே செய்த மேசை. வெளியே கொண்டுபோகிற எண்ணம் இருந்திருந்தால் அல்லவா கதவை அளந்து பார்த்திருப்பார்.

"பின்னேரம் பொம்பிள பாக்க வாறம் எண்டவங்க இப்பயே வாறாங்களாம்," என்றாள் புஸ்பம், போனைக் காதில் இருந்து எடுக்காமலே. "களுதாவளைப் பிள்ளையாரிட்ட நிக்கிறாங்களாம். கும்பிட்டுட்டு நேரே இஞ்சதானாம்."

"நம்மட சந்தியத் தாண்டிப் போய்க் கும்பிட்டுட்டுத் திரும்பி வாறாங்களா? பிந்தி வாறவன நம்பலாம் புஸ்பம். முந்தி வாறவன நம்பப்படாது. அவன் எதையோ புடிக்க வாறான்."

"உங்கட கதையக் கேக்க எனக்கு நேரமில்ல. இந்தச் சனியன மறைங்க!"

சனியன் என்று அவள் சொன்னது ரயிலை.

தேற்றாத்தீவுக்கு ரயில் கிடையாது. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடும். அதற்குத் தெற்கே இருக்கிறவன் பஸ்ஸில் தொங்க வேண்டியதுதான். போட்டுத் தருவோம் என்று வோட்டுக் கேட்டு வந்தவனெல்லாம் சொல்லிவிட்டுப் போனான். நல்லரத்தினம் வெற்றிலைத் தோட்டக்காரன், யாரையும் நம்புகிற ஆள் இல்லை. தானே போட்டார்.

குடைக்கம்பி தண்டவாளம் ஆயிற்று. மீன் டின் ரயில் பெட்டி ஆயிற்று. வீட்டில் ஒரு சட்டையில் பொத்தான் மிஞ்சவில்லை. எல்லாம் ரயிலுக்குச் சில்லாகப் போயின. மட்டக்களப்பு ஸ்டேசனில் தொடங்கி, கல்லடியில் வாவியைப் பாலத்தால் கடந்து, தென்னந்தோப்புகளுக்குள்ளால் வளைந்து, தேற்றாத்தீவு ஸ்டேசனில் வந்து நிற்கும். மட்டக்களப்புக்கு வடக்கே அவர் ஒரு முழம்கூடப் போடவில்லை. "அங்கதான் இருக்கே. இருக்கிறத ஏன் செய்ய?" என்பார்.

புது ரயில் விளையாட்டுச் சாமான் போல மினுங்கிற்று. அது அவருக்குப் பிடிக்கவில்லை. செங்கல் தூளைத் தேயிலைச் சாயத்தில் குழைத்துப் பூசிக் கறள் ஏற்றினார். இஞ்சின் தலையில் விளக்குக் கரி. ஒரு ஜன்னலுக்குக் கீழே மட்டும், உள்ளே இருந்தவன் வெற்றிலை துப்பி வழிந்த கோடு ஒன்றை ஈர்க்கால் இழுத்தார். இழுத்துவிட்டு அன்று முழுவதும் சந்தோசமாகத் திரிந்தார். தேற்றாத்தீவு ஸ்டேசனில் ஆட்கள் குந்துகிற வாங்கில் நெருப்புக்குச்சியில் இரண்டு பேர் இருந்தார்கள். அவரும் புஸ்பமும். ஸ்டேசன் பெயரை எழுதிக் கொடுத்தது மகள் விதுர்ஷா. அவருக்கு எழுத்து உருண்டு வராது.

அந்த விதுர்ஷாதான் இப்போது அவரோடு பேசுவதில்லை.

போன முறை பெண் பார்க்க வந்தவர்கள் ஹோலுக்குள் காலை வைத்தார்கள். ரயிலைப் பார்த்தார்கள். நல்லரத்தினத்தைப் பார்த்தார்கள். தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிப் போனார்கள். "தகப்பனுக்கு மண்டை கழண்டிருக்கு, மகளுக்கும் வராதெண்டு என்ன நிச்சயம்?" என்று போகிற வழியில் கடையில் சொல்லிவிட்டும் போனார்கள். ஊர் சிரித்தது. விதுர்ஷா அழுதிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் அழவில்லை, தகப்பனோடு கதைப்பதை விட்டுவிட்டாள். சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவாள்.

இந்தச் சம்பந்தமும் குழம்பினால் அவளுடைய வாயில் இருந்து "அப்பா" என்ற சொல்லை இனிக் கேட்க முடியாது. அது அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். இந்தப் பக்கத்தில் வீடு என்றால் பொம்பிளையின் வீடு. புஸ்பத்துக்கு அவள் தாய் கொடுத்தது, இனி விதுர்ஷாவுக்குச் சீதனம். மாப்பிள்ளை வந்து குடியேறுவான். கிழடுகள் இரண்டும் பின்னுக்குக் கட்டின சின்ன வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே பாயை விரித்தாலே சுவரில் முட்டும். எப்படியும் ரயில் ஒருநாள் நிற்கத்தான் போகிறது. கலியாணம் வரைக்குமாவது ஓடட்டும் என்று வைத்திருந்தார்.

"ஒரு துணியப் போட்டு மூடுங்க. சாப்பாட்டு மேசை எண்டு நினைக்கட்டும்," என்றாள் புஸ்பம்.

வீட்டில் அவ்வளவு நீளத்துக்கு இருந்தது வெள்ளைத் துணி ஒன்றுதான். மூடினார். பாலம் நடுவில் மேடாக நின்றது. ஒரு பக்கம் மட்டக்களப்பு ஸ்டேசன் உருண்டையாகத் தள்ளியது. மற்றப் பக்கம் தேற்றாத்தீவு ஸ்டேசனின் கூரை இரண்டு முனையாகக் குத்திக்கொண்டு நின்றது. பரவாயில்லை, ரயில் தெரியவில்லை.

நல்ல காரியத்துக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று புஸ்பம் குத்துவிளக்கை ஏற்றினாள். கழுவின நிலம் காயவில்லை. விளக்கை மேசையில், மட்டக்களப்புப் பக்கம், தலைமாட்டில் வைத்தாள். சாம்பிராணியும் போட்டாள். பிறகு குசினிக்குப் போனாள். நல்லரத்தினம் களைத்துப்போய் மேசைக் காலோடு சாய்ந்து, தலையில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் குந்தினார்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வளவு ஆச்சிப்பிள்ளை தேங்காய் திருப்பித் தர வந்தாள்.

வாசலில் நின்று பார்த்தாள். வெள்ளைத் துணி, தலைமாட்டில் விளக்கு, கால்விரல் இரண்டும் மேலே குத்திக்கொண்டு நிற்கிறது, பக்கத்தில் தலையில் கை வைத்த மனுசன். தேங்காயைப் போட்டாள்.

"என்ட புஸ்பம்! காலையிலயும் கதைச்சுப் போட்டுப் போனியே கா! என்னத் தனிய விட்டுட்டுப் போட்டியே!"

நெஞ்சில் அடித்துக்கொண்டு அவள் எடுத்த சத்தத்தில் குசினியில் இருந்த புஸ்பம் ஓடி வந்தாள். யார் செத்தது என்று கேட்க அவளுக்கும் தோன்றவில்லை. ஆச்சிப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவளும் கத்தினாள். ஆச்சிப்பிள்ளை அவளை அணைத்து, "அழாத புஸ்பம், அழாத," என்று கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்ன பிறகுதான், சொல்வது யாருக்கு என்று கண்டு கையை உதறினாள்.

"நீ சாகலியா கா?"

"நான் ஏன் சாக?"

"அப்ப இது ஆரு?"

"அது ரயில் அக்கா," என்றார் நல்லரத்தினம்.

ஆனால் சத்தம் ஒழுங்கையைத் தாண்டிவிட்டது. ஒன்றும் கேட்காத ஊர் இதை மட்டும் கேட்டது. மரண உதவிச் சங்கத்துக்காரர் கதிரைகளை லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார்கள். இரண்டு பேர் சந்தியில் இருந்து வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு வந்தார்கள். றோட்டுப் போடச் சொல்லி வருசக்கணக்காகக் கேட்டும் அசையாத ஆட்கள்.

"ஒருத்தரும் சாகல்ல! போங்க!" என்று நல்லரத்தினம் கேட்டடியில் நின்று கத்தினார்.

"பாவம், மனுசன் தாங்க ஏலாமக் கத்துறார்," என்றான் கொடி கட்டியவன்.

போன் அடித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பூபாலபிள்ளை.

"அண்ணன், சந்தியில நிக்கிறம். வெள்ளைக்கொடி கட்டுறாங்க. உங்கட பக்கம் துக்கம் ஏதுமா? துடக்கெண்டா நாங்க திரும்பிப் போறம், நல்ல காரியத்துக்கு வந்த நாங்க."

"துக்கமும் இல்ல துடக்கும் இல்ல! வீடு மாறிக் கட்டிட்டானுகள்! மெதுவா வாங்க!"

போனை வைத்துவிட்டு மேசையைப் பார்த்தார். கேட்டில் நின்று பார்க்கிறவனுக்கு அது பிரேதம்தான். துணியை எடுத்தால் ரயில். துணி இருந்தால் சவம். இரண்டில் எது இருந்தாலும் கலியாணம் இல்லை.

பலகை அரிகிற வாளை எடுத்து வந்தார்.

பாலத்துக்கு நடுவில் வாளை வைத்தார். முதல் இழுவையில் வாவி பிளந்தது. அடுத்ததில் குடைக்கம்பி துள்ளிப் பறந்தது. அறைக் கதவு திறந்தது. சீலை உடுத்தபடியே விதுர்ஷா வந்து நின்றாள்.

"அப்பா... வேணாம்பா."

எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த "அப்பா". நல்லரத்தினம் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும்.

"உள்ளுக்குப் போ மகள். சீலையில தூள் படும்."

இரண்டு துண்டையும் அவரும் ஆச்சிப்பிள்ளையும் பின்னால் தூக்கிக்கொண்டு போய்க் கோழிக்கூட்டடியில் சாத்தினார்கள். சவம் இல்லை என்று கண்ட ஊர் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. சங்கத்துக் கதிரைகளைத் திருப்பிக் கொடுக்க நேரமில்லை. வரிசையாகப் போட்டு, முதுகில் எழுதியிருந்த "மரண உதவி" தெரியாமல் ஒவ்வொன்றிலும் ஒரு துவாய் போட்டாள் புஸ்பம்.

வந்தது மூன்று பேர். மாப்பிள்ளை மதுரன், தாய் கேதீஸ்வரி, மாமன் பூபாலபிள்ளை. மாப்பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை. மாமன் கதிரையில் இருக்கவே இல்லை. ஹோலின் ஒரு சுவரில் இருந்து மற்றச் சுவருக்கு அடிக்கு மேல் அடி வைத்து நடந்தார்.

"நல்ல நீளம் அண்ணன். நடுவில தூணும் இல்ல."

"ஓம்."

"மாரிக்கு வெள்ளம் ஏறுமா?"

"ஏறாது."

"பிளக் இந்தப் பக்கமும் இருக்கா? கறையான் கிறையான்?"

நல்லரத்தினம் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொம்பிளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹோலுக்குள் கடை போடப் பார்க்கிறான்கள் என்று முடிவு கட்டினார். சீதன வீட்டில் அரிசிக் கடை. தாய்க்காரியும் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

மாப்பிள்ளை மட்டும் மூக்கை உறிஞ்சினான். "பெயின்ட் மணக்குது," என்றான்.

"கதவுக்கு அடிச்ச," என்றார் நல்லரத்தினம். கதவுக்குப் பெயின்ட் அடித்து யுகமாகியிருந்தது.

மதுரன் கதவைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தான். கதிரைக் காலடியில் ஒரு சில்லு கிடந்தது, அச்சுக்கம்பியோடு. குனிந்து எடுத்தான். உருட்டிப் பார்த்தான். யாரும் காணவில்லை என்று நினைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

கள்ளன், என்று நினைத்தார் நல்லரத்தினம். பொத்தானையே விடாதவன் என்ட புள்ளைய என்ன செய்வான்?

"வளவையும் ஒருக்காப் பாத்துட்டு வருவமா?" என்றார் பூபாலபிள்ளை.

வளவுக்குப் போகிற வழியில்தான் கோழிக்கூடு.

"வெயில் அண்ணன். முதல்ல ஒரு தேத்தண்ணி குடிப்பம்," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் பாய்ந்தார். அங்கே ஆச்சிப்பிள்ளை காஸ் அடுப்போடு மல்லுக்கு நின்றாள்.

"காஸ் முடிஞ்சு போச்சு தம்பி. விறகெல்லாம் ராத்திரி மழையில நனைஞ்சு கிடக்கு. என்ன செய்யிற?"

நல்லரத்தினம் பின் கதவால் பார்த்தார். கூட்டடியில் சாத்திக் கிடந்த துண்டின் ஓரத்தில், வாங்கில் அந்த இரண்டு நெருப்புக்குச்சி ஆட்களும் இன்னும் விழாமல் இருந்தார்கள்.

"அந்தப் பலகைய வைங்க."

"அதில ஊரே கிடக்கே தம்பி. நம்மட ஸ்டேசன்..."

"அந்த ஆள் அங்கால வரப் போறார் அக்கா. கொத்தி அடுப்பில வைங்க. ஒரு துண்டும் மிஞ்சப்படாது."

முன்னால் வந்து குந்தினார். வெற்றிலைக் கொடியைப் பற்றி வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் கோடாலி விழுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு கொத்துக்கும் அவருடைய வாய் ஒரு தரம் நின்று பிறகு ஓடியது. காய்ந்த பலகை, பெயின்ட்டும் பட்ட பலகை, கெதியாக நெருப்புப் பிடித்தது. டின் மட்டும் எரியாமல் நெளிந்திருக்கும்.

விதுர்ஷா தேத்தண்ணி கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. கொடுக்கும்போது தகப்பனின் கோப்பையை மட்டும் கையில் பிடித்துக் கொடுத்து, விடாமல் ஒரு கணம் நின்றாள்.

பூபாலபிள்ளை ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடித் திறந்தார்.

"விறகடுப்புத் தேத்தண்ணிதான் தேத்தண்ணி. என்ன விறகு அண்ணன்?"

"பழைய பலகை."

நல்லரத்தினம் தேத்தண்ணியை விழுங்கவில்லை. வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்குப் புள்ளையப் புடிச்சிருக்கு," என்றாள் கேதீஸ்வரி. "வீடும் புடிச்சிருக்கு. முக்கியமா இந்த ஹோல்."

ஹோல் என்ற சொல்லோடு நல்லரத்தினத்தின் பொறுமை முடிந்தது. கோப்பையை நிலத்தில் வைத்தார்.

"நான் படிக்காதவன், நேரே கேக்கன். வந்த நேரம் தொட்டு ஹோல அளக்கிறீங்க. என்ன போடப் போறீங்க? அரிசிக் கடையா?"

புஸ்பம் தலையில் கை வைத்தாள். மதுரனின் தலை இன்னும் கீழே போயிற்று. கேதீஸ்வரி தம்பியைப் பார்த்தாள். பூபாலபிள்ளை பெருமூச்சு விட்டுக் கதிரையில் சாய்ந்தார். துவாய் நழுவி "மரண உதவி" வெளியே வந்தது.

"மறைச்சு என்ன அண்ணன், மறுகா தெரியத்தான் போகுது. பொடியனுக்கு ஒரு பழக்கம் இருக்கு. இதால ரெண்டு சம்பந்தம் குழம்பிப் போச்சு."

"குடியா?" என்றாள் புஸ்பம்.

பூபாலபிள்ளை கடைசி மிடறையும் குடித்துவிட்டுச் சொன்னார்:

"குடியெண்டா ஆரும் நம்புவாங்க தங்கச்சி, இவன் சின்னதா ரயில் செஞ்சு ஓட்டுறவன், வடக்கால செங்கலடியில இருந்து மட்டக்களப்பு வரைக்கும் தண்டவாளம் போட்டுட்டான், அங்கால தேற்றாத்தீவு வரைக்கும் இழுக்கணுமாம், அதுக்கு எங்கட வீட்டில இடமில்ல."