டொக்டொக் அம்மாவும் என்னுடைய சாரமும்

வோபர்னில் எங்கள் மாடிக் கட்டடம் முழுவதையும் ஒருசேரக் குழப்பிய ஒரே மனிதர் டொக்டொக் அம்மாதான். எங்கள் தலைக்கு நேர் மேலே தறி வைத்திருந்தார். அது போட்ட சத்தமே அவருக்குப் பெயராயிற்று.

"நீங்கள் ஜப்பானோ?" என்று லிஃப்டில் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இல்லை, கலிபோர்னியா."

"அப்ப அமெரிக்கர்?"

"நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்" என்று சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீடு வீடாகப் போய்ப் பழந்துணி கேட்பார். பாவம் என்று என் மனைவி புதுப் படுக்கை விரிப்பைக் கொடுத்தாள். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து, யாராவது படுத்து எழும்பியதுதான் வேண்டும் என்றார்.

"மனுசிக்குப் புதுசு வேண்டாமாம்! உது என்ன கோதாரி?" என்ற மனைவி, என்னிடம் கேளாமலே நான் வீட்டில் இடுப்பில் கட்டும் நீலச் சாரத்தைக் கொடுத்துவிட்டாள்.

மீட்கப் போனேன். சாரம் ஏற்கெனவே நாடா நாடாவாகக் கிழிந்து கிடந்தது. யாருடையதோ சமையல் ஏப்ரனும் குழந்தைச் சட்டையும் அப்படியே. அவற்றைத்தான் நூலுக்குப் பதிலாக நெய்துகொண்டிருந்தார். துணியின் ஓரத்தில் ஐந்து இலக்கங்கள். அவருடைய வாசல் மணி நம்பராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவுத் திறப்பை மறந்து வெளியே நின்ற ஒருநாள், அவரைக் கூப்பிட அந்த இலக்கங்களையே கீழ் வாசல் மணியில் அழுத்தினேன். "பீட்சா வேண்டாம்!" என்று யாரோ கத்தினான்.

இதைச் சொன்னபோது டொக்டொக் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர்களை அவர்களுடைய சொந்த அரசாங்கமே முட்கம்பி முகாம்களில் அடைத்ததாம். அவர் குடும்பத்துக்குக் கொடுத்த நம்பர் அது. சிறுமியாயிருந்த அவருடைய தாயின் கோட்டில் அதை ஓர் அட்டையில் எழுதிக் கட்டியிருந்தார்களாம்.

ஏனென்று தெரியாமல் என் அகதி வழக்கு நம்பரைச் சொன்னேன். நித்திரையிலும் மறக்காத நம்பர். அவர் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

அந்தத் துணியைச் சமூக மண்டபத்தில் தொங்கவிட்டபோது இரண்டு நம்பரும் அருகருகே இருந்தன. என்னுடையது நீலத்தில்.

"ஐயோ, உங்கட சாரத்தை எல்லாரும் பாக்கினம்!" என்றாள் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தாள். வெட்கப்படுவதா பெருமைப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பனிக்காலத்தில் அவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். படிவத்தில் அவர் மற்றக் கையால் என் பெயரை எழுதி, உறவுமுறை என்ற இடத்தில் 'தம்பி' என்று போட்டிருந்தார். தாதி அவர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி படிவத்தைப் பார்த்தாள்.

"உண்மையாகவே தம்பியா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.